அக்கா கிழக்கு பார்த்து உட்கார்ந்த கதை

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் உங்களில் ஒருத்தி ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். 'சென்னையில் காசில்லாமல் சுற்றிப் பார்க்கப் பதினைந்து இடங்கள்.' கடற்கரை, கோயில், பூங்கா, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கீழே நீங்கள் எல்லோரும் கையைக் கூப்பி, பூவைப் போட்டு, 'அருமை, அருமை' என்று எழுதித் தள்ளியிருந்தீர்கள். நான் மட்டும், 'இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது' என்று எழுதினேன். உடனே ஒருத்தி கேட்டாள்: 'ஏட்டி, பிரஷர் மாத்திரை தீந்து போச்சா?'

தீரவில்லை. காலையில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போட்டேன். என் கோபத்துக்கு மாத்திரை கிடையாது. அது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷத்துக் கோடை லீவில் வந்தது. சொல்லுகிறேன், கேளுங்கள். நீங்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். கேட்டுவிட்டு, 'அந்தக் காலம் அப்படி' என்று மட்டும் யாரும் எழுதக் கூடாது.

எங்கள் வீடு டவுனில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு குறுகலான முடுக்குச் சந்தில் இருந்தது. அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடப் படிப்பை முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். அவளுக்கு டீச்சர் டிரெயினிங் படிக்க ஆசை. பாளையங்கோட்டையில் ஒரு டிரெயினிங் ஸ்கூலில் சேரச் சொல்லிக் கார்டுகூட வந்துவிட்டது. ஜூன் மாதம் சேர வேண்டும். அந்தக் கார்டைத் தன் டிரங்குப் பெட்டியில் பாவாடைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பாள். கார்டில் நாலு வரிதான் இருக்கும். நாலு வரியை அவ்வளவு நேரம் வாசிக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அப்பாவை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த லீவுக்குள்ள ஒண்ணும் அமையலைன்னா ஜூன்ல நானே கொண்டு போய்ச் சேத்து விடுதேன்" என்றார். அமைந்துவிட்டால்? அதைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குள் மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் தட்டிப்போனது. எங்கள் முடுக்கில் ஒரு வீட்டில் சொஜ்ஜி கிண்டினால் ஒன்பது வீட்டுக்கு வாசனை போகும். பதில் வராவிட்டால் அதுவும் ஒன்பது வீட்டுக்குத் தெரியும். "என்ன ஆச்சி, அவிய ஒண்ணும் சொல்லலியா?" என்று தண்ணீர்க் குழாயடியில் அம்மாவை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அம்மா குடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. அம்மாவின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் மூளை உள்ளவர் என்று பெயர் எடுத்தவர். அந்த மூளை எழுதியது இது: 'பெண்ணை இங்கே அழைத்து வாருங்கள். வீட்டுக்கு வரவழைத்தால்தானே அது பெண் பார்த்தது? கோயிலிலோ கடற்கரையிலோ தற்செயலாகச் சந்தித்தால் யார் என்ன சொல்ல முடியும்? பிடித்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. இங்கே காசில்லாத இடங்கள் ஏராளம். யாருக்கும் ஒரு செலவும் கிடையாது.'

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். முடுக்கில் கேட்டவர்களிடம் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "சின்னவ மெட்ராஸ் பாக்கணும்னு ஒரே அழுகை. அதான் சுத்திக் காட்டிட்டு வாரோம்." நான் அழுதேனா? குறுக்குத்துறையில் ஆற்றில் முங்கி விளையாட ஒரு படை வைத்திருந்தவள் நான். மெட்ராஸ் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் ரயில் கிளம்பும்போது நானே அழுது சாதித்துவிட்ட மாதிரி எனக்கும் ஒரு பெருமை வந்துவிட்டது.

அக்காவுக்கு விஷயம் தெரியும். இருந்தும் ரயிலில் சந்தோஷமாகத்தான் வந்தாள். "மெட்ராஸ்ல கப்பல் நிக்கும்ட்டி" என்றாள். திருச்செந்தூர்க் கடலை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது குளிக்கிற கடல். மொட்டைத் தலைகளுக்கு நடுவே நம் மூக்கைப் பிடித்து மூன்று முறை அமுக்குவார்கள், கண்ணில் உப்பு எரியும், அவ்வளவுதான். அக்காவுக்குப் பூகோளம் பிடிக்கும். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தச் சரக்கு போகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துச் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் ஒரு கப்பலைக்கூட நேரில் கண்டதில்லை.

முதலில் போனது மியூசியம். மெட்ராஸ்காரர்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள் என்று மாமா சொன்னதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அக்காவை ஒரு சன்னலுக்கு நேரே நிறுத்தினாள். "இங்கனயே நில்லு. அசையாத. வெளிச்சம் போயிரும்."

இந்த வெளிச்சக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஊரில் மூன்று தடவையும் அம்மா அக்காவைக் கிழக்கு பார்த்துத்தான் உட்கார வைத்தாள். நல்ல காரியத்துக்குப் பெண் கிழக்கு பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத சட்டம். ஆனால் எங்கள் கூடத்துச் சன்னல் மேற்கே. சாயங்கால வெளிச்சம் பின்னாலிருந்து வரும், முகம் இருட்டடிக்கும். அத்தை இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "மதினி, நீங்க சாஸ்திரம் பாத்துப் பாத்துத்தான் பிள்ள நெறம் எடுபடாமப் போச்சு. இங்கன நான் சொல்லுத மாதிரி செய்யுங்க." இலை போட்டால் எந்தத் திக்கைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், எந்தக் கிழமை எந்தத் திக்கில் சூலம் என்று எங்களைப் படுத்தி எடுத்த அம்மா, இதற்கு மட்டும் பேசாமல் தலையாட்டினாள்.

அக்கா அந்தச் சன்னலுக்கு எதிரே முக்கால் மணி நேரம் நின்றாள். பத்தடி தள்ளி ஒரு அறையில் பழைய வெண்கலச் சிலைகள். "அம்மா, அத மட்டும் எட்டிப் பாத்துட்டு வரட்டா?" என்றாள். "சும்மா நில்லுட்டி" என்றாள் அம்மா. ஒரு குடும்பம் வந்தது. திமிங்கலத்தின் விலா எலும்புகளுக்குக் கீழே நின்று அக்காவைப் பார்த்தார்கள். பிறகு எலும்பைப் பார்த்தார்கள். மறுபடி அக்காவைப் பார்த்தார்கள். மறுநாள் மாமா ஆபீசிலிருந்து வந்து, "உயரம் காணாதாம்" என்றார்.

அடுத்தது மயிலாப்பூர்க் கோயில். இந்தத் தடவை நடை பார்க்க வேண்டுமாம். சித்திரை வெயில் குடித்த கல்லில் அக்கா ஏழு சுற்று சுற்றினாள். நான் நிழலில் உட்கார்ந்து குளத்து மீனுக்குப் பொரி போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் உள்ளங்கால் சிவந்து கன்றிப்போயிருந்தது. அத்தை தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். அவர்கள் நிறம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். நிறம் பார்க்க வந்தவர்களுக்கு எதற்கு ஏழு சுற்று? சந்தையில் மாடு பிடிக்கிறவன்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு அதற்குக் கொஞ்சம் தண்ணீர் காட்டுவான்.

பதில் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அக்கா கொல்லைப்புறம் போய்விடுவாள். அழுகிறாளோ என்று நான் ஒருநாள் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணுதாம்ட்டி. பீச்சுல. அதுவும் போயிட்டா ஜூன்ல டிரெயினிங்" என்றாள். பிறகு என் காதைப் பிடித்து, "யாருட்டயும் சொல்லிராத. சொன்னே, கொன்னுருவேன்" என்றாள்.

நான் சத்தியம் பண்ணினேன். ஆனால் எனக்கு அது சரியாகப் புரியவில்லை. எல்லோரும் வேண்டாம் என்று சொல்வது எப்படி ஒரு நல்ல விஷயமாக இருக்க முடியும்? வேண்டாம் என்றால் அவமானம் என்று குழாயடியில் படித்து வளர்ந்தவள் நான்.

கடற்கரைக்கு ஐந்து மணிக்குப் போனோம். மாமாவுக்குக் கொடுக்க ஊரிலிருந்து கொண்டுவந்த பத்தமடைப் பாயைத்தான் மணலில் விரித்தார்கள். அக்காவுக்குப் பச்சைப் பட்டு, கனகாம்பரம், முகம் நிறையப் பவுடர். அத்தை அவளை மேற்கே, ரோட்டைப் பார்க்க உட்கார வைத்தாள். கடலுக்கு முதுகு. சாய்கிற வெயில் நேரே முகத்தில் விழுந்தது. அக்காவுக்குக் கண் கூசியது. "கண்ணச் சுருக்காத, முழிச்சுப் பாரு" என்றாள் அத்தை.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்லுகிறேன். நம் சாஸ்திரம் ஆயிரம் வருஷமாகப் பெண்ணை அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. அது பெண்ணுக்கு ஒரே ஒரு தடவை நல்லது செய்ய வந்தது. கிழக்கு பார்த்து உட்கார் என்றது. மெட்ராஸில் கிழக்கே கடல். அன்றைக்குப் பார்த்து அந்தச் சாஸ்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்!

"அம்மா, ஒரு நிமிசம் கால நனச்சுட்டு வந்துருதேன்" என்றாள் அக்கா.

"சேலக்கரை நனஞ்சா அசிங்கம். எல்லாம் முடிஞ்சப்பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள் அத்தை. முடிந்த பிறகு இருட்டிவிடும். இருட்டில் என்னத்தைப் பார்ப்பது?

நான் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முழுக் கடலும் தெரிந்தது. அவளுக்காக நானே பார்த்துச் சொன்னேன். "அக்கா, மூணு கப்பல் நிக்குக்கா. ஒண்ணு கறுப்பு. ஒண்ணுல செவப்புக் கோடு போட்டிருக்கு." அக்கா ரோட்டைப் பார்த்தபடியே, "புகை வருதாட்டி?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன்.

அப்போது மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் அத்தை. "அடடே, நீங்களா! என்ன இந்தப் பக்கம்?" என்று மாமா எழுந்து கத்தினார். அந்த நடிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது கூசுகிறது. அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான், சேரன்மகாதேவியிலிருந்து வந்து மெட்ராஸில் வீடு கட்டிக்கொண்டவர்கள். அந்த அம்மாள் நெற்றி நிறைய விபூதி. பாயில் உட்கார்ந்ததும் சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் தெரியும், தெரியும் என்றாள். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கடலைப் பார்த்தேன். கறுப்புக் கப்பலிலிருந்து புகை கிளம்பியது. பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. "அக்கா, போவுதுக்கா! கப்பல் கெளம்பிட்டு!" என்று கத்திவிட்டேன்.

அக்கா எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். அப்படியே திரும்பி, மாப்பிள்ளை வீட்டாருக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

சுண்டல் விற்கிறவன்கூட நின்று பார்த்தான். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அம்மாவின் கை அக்காவின் முழங்கையைத் தேடிப் போனது. கிள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அம்மா கிள்ளினால் தோல் கையோடு வரும்.

"ஏம்மா, என்ன அந்தப் பக்கம் திரும்பிட்டே?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

அக்கா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்டுல நல்ல காரியத்துக்குக் கெழக்க பாத்துத்தான் உக்காருவோம். அதான் அக்கா திரும்பி உக்காந்துட்டா" என்றேன்.

அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேன், நம்புங்கள்.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? மெட்ராஸ் வந்து நமக்கெல்லாம் மறந்து போச்சு. இந்தப் பிள்ளைக்கு நெனப்பிருக்கு பாரு!" என்றாள். அதோடு விட்டாளா? "எல்லாரும் கெழக்க பாத்து உக்காருங்க" என்று தானும் திரும்பி, மகனையும் நாத்தனாரையும் திருப்பினாள். மாமாவும் அத்தையும் அம்மாவும் திரும்பினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் பின்னலைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். கப்பல் மறைகிற வரை அக்கா கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதுகக் காட்டிட்டேன்லா, இனி வர மாட்டாவ" என்று காதோரம் சொன்னாள். கடற்கரையில் நான் சொன்னதும் அந்த அம்மாள் பேசியதும் அலைச் சத்தத்தில் அவள் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பிப் பத்து நாளில் கடிதம் வந்தது. அப்பா கூடத்தில் நின்று உரக்க வாசித்தார். கடற்கரையில்கூடக் கிழக்கு பார்த்து உட்கார்ந்த இவ்வளவு ஆசாரமான பெண்ணை இந்தக் காலத்தில் தங்கள் ஊரிலேயே பார்க்க முடியாது, தங்களுக்குப் பரிபூர்ண சம்மதம், ஆவணியிலேயே முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அம்மா சுவாமி அறைக்கு ஓடினாள். அப்பா கடிதத்தை மடித்து, "அந்த டிரெயினிங் ஸ்கூலுக்கு ஒரு கார்டு போட்டுரணும். எடம் வேற யாருக்காவது ஆவும்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். கையில் அரைத்த மாவு. "நான் கப்பலத்தாம்மா பாத்தேன்" என்றாள்.

"என்னது?"

"கெழக்கயும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. அவிய வேண்டாம்னு சொல்லட்டும்னுதான் முதுகக் காட்டி உக்காந்தேன். எனக்குச் சாஸ்திரமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அத அவியளுக்கு எழுதுங்கப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து என் முகவாயைப் பிடித்தாள். சுவாமிக்குப் படைத்த கற்கண்டை என் கையில் வைத்தாள். "என் தங்கம் சொன்னதுனாலதான இவ்வளவும் நடந்துது. இனி லீவுன்னா உனக்கு மெட்ராஸ்தான், அக்கா வீட்டுலயே இருக்கலாம். நீ சொல்லுட்டி, அக்கா அன்னைக்கு எதுக்குத் திரும்பி உக்காந்தா?"

அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கொல்லையில் காதைப் பிடித்துச் சொன்னவள் அவள், சத்தியம் பண்ணினவள் நான்.

எனக்குத் திமிங்கலம் ஞாபகம் வந்தது. குளத்து மீன் ஞாபகம் வந்தது. மெட்ராஸில் கலங்கரை விளக்கத்தில் இன்னும் ஏறவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"கெழக்க பாக்கத்தான்" என்றேன்.

அக்கா மாவுக் கையோடு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டுரல் சத்தம் மறுபடி கேட்டது.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆகிற வரை எல்லா லீவுக்கும் மெட்ராஸ் போனேன். அத்தான் நல்ல மனிதர்தான், என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றுவிடாமல் காட்டினார். அக்கா வரமாட்டாள். மாமியாருக்கு ஆசாரமான மடிச் சமையல், அதை விட்டுவிட்டு அவளால் வாசல் தாண்ட முடியாது. வெளியே கிளம்பும்போது எனக்குத் தலை சீவிப் பூ வைத்து விடுவாள். திரும்பி வந்தால் சுடச்சுடத் தோசை போடுவாள். போடும்போது, "இன்னைக்கு எங்கட்டி போனீங்க?" என்று கேட்பாள். நான் வாய் ஓயாமல் சொல்லுவேன். அவள் ஒவ்வொன்றையும் விவரமாகக் கேட்டுக்கொள்வாள்.